இடத்தை மாற்றியும் எலிகளுக்கு மார்ஃபின் தாங்குதிறன் குறையவில்லை

தாங்குதிறன் என்பது மருந்து பழகிப்போய் அதன் விளைவு குறைவது. ஆண் விஸ்டார் (ஆய்வக எலி வகை) எலிகள், 250–300 கிராம். மார்ஃபின் கிலோவுக்கு 5 மி.கி., தோலடி ஊசி, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 8 ஊசி. ‘அ’ பிரிவுக்குத் தனி அறையில் மார்ஃபின், கூண்டில் உப்புநீர் (மருந்தில்லாத ஊசி); ‘ஆ’ பிரிவுக்கு நேர்மாறு. கடைசியில் இரண்டு பிரிவுக்கும் தனி அறையில் மார்ஃபின் கொடுத்து, 30 நிமிடம் கழித்து 54 டிகிரி ஹாட் பிளேட் சோதனை (சூடான தட்டில் எலியை விட்டு, பாதம் நக்க எத்தனை நொடி ஆகிறதென்று பார்ப்பது; நேரம் கூடினால் வலிதணிப்பு அதிகம்).

முதல் ஊசியில் பாதம் நக்க 31 நொடி ஆனது. இப்போது ‘அ’ 13, ‘ஆ’ 14. தாங்குதிறன் மருந்து பெற்ற இடத்தோடு பிணைந்தது என்று உளவியலாளர் சீகல் 1975-இல் காட்டிய மாதிரி, அறையில் அதுவரை மார்ஃபின் பெறாத ‘ஆ’ பிரிவில் வலிதணிப்பு திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை.

முதலில் 10 மி.கி., தினமும் ஊசி என்றிருந்தது. அளவு கூடி இடைவெளி குறைந்தால் இடத்தைச் சாராத தாங்குதிறன் வந்துவிடும் என்பதால் இரண்டையும் மாற்றினோம். அறையில் சிவப்பு விளக்கு, சீரான இரைச்சல், வேறு தரைவிரிப்பு எல்லாம் சேர்த்தாயிற்று. தட்டிலேயே பழகிவிடாமலிருக்க முதல், கடைசி ஊசிகளில் மட்டுமே சோதனை.

சந்தேகம் ஊசி போடும் முறைமேல்தான். பிடரியைப் பிடித்ததுமே, ஊசி படுமுன், இரு பிரிவு எலிகளும் விறைத்துக்கொள்கின்றன. மருந்து வரப்போவதை அறையைவிட வலுவாக உணர்த்தும் குறிப்பாக அந்தப் பிடியே ஆகிவிட்டது போலிருக்கிறது.

இதைத் தவிர்க்க இடைவெளியை 96 மணியாக்கினால் போதுமா, அல்லது கையே படாமல் சிரையில் பொருத்திய குழாய் வழியாகத்தான் மருந்து செலுத்த வேண்டுமா?