வடமராட்சி நாற்சார் வீடு: வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

வெள்ளவத்தைவாசி:
யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உள்ள எங்கள் நாற்சார் வீட்டுக்கு (நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டியது) எங்களிடம் உள்ள ஆகப் பழைய உறுதி, அதாவது காணிப் பத்திரம், 1958. கூரை ஓட்டில் "பாசல் மிஷன், மங்களூர், 1865" என்று பொறித்திருக்கிறது. வீடும் அந்த வருடத்ததா? கொழும்பில் இருந்துகொண்டு எதைத் தேடலாம்? சுவரில் உப்புப் பூத்துச் சாந்து உதிர்கிறது. சீமெந்து பூசச் சொல்கிறார் மேசன்.

பழங்கூரை:
1865 அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். பிறகு வந்த ஓடுகளிலும் அதே இலக்கம்தான். ஆகவே இந்த ஓடு 1865க்கு முந்தியது அல்ல, அவ்வளவுதான் தெரிகிறது. ஓலைக் கூரையை எடுத்துவிட்டுப் பழைய சுவருக்கு ஓடு போட்ட வீடுகளும் உண்டு. கூரை மரத்தின் ஆணிகளைப் பாருங்கள்: சதுரத் தண்டு என்றால் கொல்லன் அடித்ததாக இருக்கலாம், உருண்டை என்றால் பிந்திய கம்பி ஆணி. சீமெந்துத் தரையை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம். அது பின்னால் போட்டதாக இருக்கலாம்.

தோம்பேடு:
1958 உறுதியில் உரித்து வந்த விதம் சொல்லும் பந்தியை வாசியுங்கள். முந்திய உறுதியின் இலக்கம், திகதி, அதை எழுதிய நொத்தாரிசின் (நோட்டரியின்) பெயர் மூன்றும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். காணிப் பதிவேட்டில் அந்த உறுதி இல்லாவிட்டாலும் விட்டுவிட வேண்டாம். பதிவு செய்யாத உறுதிக்கும் நொத்தாரிசு இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அந்தப் பிரதியைக் கேளுங்கள். அது அந்த மாவட்டப் பதிவகத்தில்தான் இருக்கும், ஆகவே அங்கேதான் கேட்க வேணும். கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் பழைய பத்திரிகைகளும் உண்டு, ஆனால் தனியார் வீடொன்றுக்கு அங்கே பெரிதாக எதுவும் அகப்படாது.

தகப்பன் வழிப் பெயரில் மட்டும் தேடினால் சீக்கிரம் முட்டுச்சந்து. தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) வீடு சீதனமாக மகளுக்குப் போகும். அம்மா, அம்மம்மா, அவவின் தாய் என்று சீதன உறுதிகளைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொன்றிலும் காணியை விவரிக்கும் அட்டவணைப் பகுதியில் "கல்வீடு, கிணறு" எப்போது முதலில் வருகிறது என்று பாருங்கள். வீடு அந்தத் திகதிக்குப் பிந்தியது அல்ல. ஆனால் நொத்தாரிசுகள் பழைய அட்டவணையை அப்படியே பார்த்து எழுதுவதால் அதற்கு வெகுமுன்பே கட்டியிருக்கவும் கூடும். பரப்பளவையும் ஒப்பிடுங்கள் (18 குழி 1 பரப்பு, 16 பரப்பு 1 ஏக்கர்). திடீரென்று குறைந்தால் காணி பிரிந்திருக்கிறது. நீங்கள் பின்தொடர்வது வீடில்லாத துண்டாகவும் இருக்கலாம்.

சுண்ணாம்புச்சாந்து:
சீமெந்து வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் கல் சுவரில் ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல், உப்பு சீமெந்துக்குப் பின்னால் படிகமாகி, சாந்தோடு கல்லின் முகத்தையும் பெயர்த்துவிடும். முதலில் முற்றத்துப் பீலி (மழைநீர் வழியும் தகரக்கால்) ஒழுகுகிறதா, வெளி மண் உள் தரையை விட உயர்ந்திருக்கிறதா பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் பூசினால் காசு வீண். கறைக்கு மேலே ஓரடி வரை பழைய சாந்தை எடுத்து, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். சுவர் நன்றாகக் காய்ந்த பின், நீற்றிய சுண்ணாம்பு 1, உப்பில்லாத மணல் 3. கடல்மணல் கூடாது. ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். வெயில் படாமல் சாக்குக் கட்டி ஈரமாக வைத்திருங்கள். மேலே வெள்ளையடிப்புத்தான், இமல்ஷன் பெயின்ற் அல்ல.

வெள்ளவத்தைவாசி:
நன்றி. 1958 உறுதியில் "கல்வீட்டில் அரைவாசிப் பங்கு" என்று இருக்கிறது.

தோம்பேடு:
அப்படியென்றால் பிரிவிடல் வழக்கு (பொதுக் காணியைப் பங்காளிகளுக்குப் பிரிக்கும் வழக்கு) ஏதும் நடந்ததா என்று மற்றப் பங்காளிகளிடம் விசாரியுங்கள். நடந்திருந்தால் நில அளவையாளரின் வரைபடமும் அறிக்கையும் வழக்குக் கோவையில் இருக்கும். காணியில் நின்ற கட்டடங்களை அதில் குறித்திருப்பார்கள். வழக்கு இலக்கத்தோடு அந்த நீதிமன்றப் பதிவறையில் விண்ணப்பியுங்கள்.