இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் பூச்சிகள் மட்டுமே விழுகின்றன: பெண் பூச்சியை மணத்தால் பிடிக்க இயலுமா?

சிப்புட் தோப்புக்காரர்:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி எங்களுக்குச் சிறிய டுரியான் தோப்பு இருக்கிறது. காய்த்துளைப்பானுக்காக இனக்கவர்ச்சிப் பொறிகளைக் கட்டினோம். அவற்றில் ஒட்டுபவை அனைத்தும் ஆண் அந்துப்பூச்சிகளே. காய்களின் முள்ளிடுக்கிலோ புழுவின் கழிவு தொடர்ந்து தெரிகிறது. முட்டையிடும் பெண் பூச்சியைப் பழ மணத்தைக் கொண்டே பிடிக்க முடியுமா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஈப்போ வாசகர்:
ஐயா, உங்கள் பொறி தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. இரவில் பெண் பூச்சி ஆணை அழைக்க வெளியிடும் மணத்தின் நகலே பொறிக்குள் வைக்கும் குப்பியில் இருக்கிறது. மஞ்சள் நிறச் சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட இந்தக் காய்த்துளைப்பானின் மணத்தில், பதினாறு கரிம அணுக்கள் கொண்ட ஆல்டிஹைடு வகை வேதிப்பொருள்கள் இரண்டு ஏறத்தாழ ஒன்பதுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருக்கும். விகிதம் மாறினால் ஈர்ப்பு குறைந்துவிடும். காற்றில் இழை இழையாக வரும் மணம் உணர்கொம்பில் பட்டதும் ஆண் காற்றை எதிர்த்துப் பறக்கும். மணம் தவறிவிட்டால் மீண்டும் கிடைக்கும்வரை பக்கவாட்டில் அலைந்து தேடும். ஓர் ஆண் பல பெண்களுடன் இணையக்கூடியது என்பதால், பொறிக்குத் தப்பிய சிலவே தோப்பு முழுவதற்கும் போதும். ஆகவே பூச்சி எப்போது பறக்கத் தொடங்குகிறது என்று அறியவே பொறியை நம்புங்கள்.

பூச்சியியல் மாணவி:
பெண் பூச்சிக்கு வழிகாட்டுவது காயும் இலையும் விடும் மணக் கலவை. குளிர்நாட்டு ஆப்பிள் துளைப்பானில் இது நன்கு ஆராயப்பட்டுள்ளது: பழுத்த பேரிக்காயின் மணத்தில் உள்ள எஸ்டர் என்னும் வகை வேதிப்பொருள் ஒன்று ஆண், பெண் இரண்டையும் ஈர்ப்பதாக 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர், அதனுடன் அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்தால் பெண் பூச்சிகள் கூடுதலாக விழுகின்றன. அந்த எஸ்டர் வால்நட் தோட்டங்களிலும் நன்கு வேலை செய்தது. அங்கே பேரிக்காயின் மணம் சூழலில் இல்லாததால் குப்பியின் மணம் தனித்து நிற்கிறது என்றே நான் கருதுகிறேன். உங்கள் தோப்பிலோ நூற்றுக்கணக்கான காய்கள் டுரியான் மணத்தை விட்டுக்கொண்டிருக்க, அதே மணமுள்ள ஒரு குப்பி அவற்றோடு போட்டியிட வேண்டும். டுரியான் மணத்தைப் பொறியில் வைப்பது எளிதாகப் பலன் தராது என்று எண்ணுவதற்குக் காரணம் இதுவே.

இன்னொன்று: ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட உங்கள் டுரியான் காய்த்துளைப்பானுக்கு நெருங்கிய உறவினங்கள் உண்டு. தென்னிந்தியாவின் ஏலக்காயைத் துளைப்பது 2018இல் தனி இனமாகவே விவரிக்கப்பட்டது. எனவே குப்பி எந்தப் பூச்சிக்காகச் செய்யப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

சிப்புட் தோப்புக்காரர்:
மிக்க நன்றி. எங்கள் வேலியோரம் ரம்புத்தான் மரங்களும் உள்ளன. அவற்றுக்கும் இதே பூச்சி வருமா?

ஈப்போ வாசகர்:
வரும், ஐயா. அங்கும் ஒரு பொறியைக் கட்டுங்கள். டுரியானில் ஒன்றோடொன்று ஒட்டிய காய்களின் இடுக்கையே பெண் பூச்சி விரும்புவதால், கொத்துகளைக் கலைத்து விடுங்கள். கலைக்க முடியாதவற்றின் நடுவே மரக்கட்டையைச் செருகுங்கள். பொறியில் பூச்சி கூடத் தொடங்கும் வாரத்திலேயே கைக்கு எட்டும் காய்களுக்கு உறை கட்டி, விழுந்த புழுக் காய்களை உடனுக்குடன் அப்புறப்படுத்துங்கள்.