புதுப்பிப்பு: அந்த 15 பின் ஜொய்ஸ்ரிக் கடைசியில ஸ்விட்சில ஓடுது

போன மாதம் கேட்டிருந்தன், மாமாவின்ர பழைய கொம்பியூட்டர் ஜொய்ஸ்ரிக்கை நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷினில பாவிக்கலாமோ எண்டு. "15 பின்னை யூஎஸ்பியா மாத்திற அடப்ரர் வாங்கினாச் சரி" எண்டு கனபேர் சொன்னியள். வாங்கினன். லப்டொப்பில வேலை செய்தது, ஸ்விட்ச் திரும்பியும் பாக்கேல்ல. யூஎஸ்பி எண்டதுக்காக அது எல்லாத்தையும் ஏற்காது.

பிறகு ஏடிமெகா 32யூ4 சிப் உள்ள ஆர்டுயினோ போர்ட் (புரோகிராம் ஏத்தக்கூடிய சின்ன சேர்க்கிற் பலகை) ஒண்டில, ஸ்விட்ச் ஏற்கிற ஹோரி கொம்பனி கொன்ட்ரோலர் மாதிரி நடிக்கிற புரோகிராமை ஏத்தினன். வயரிங் லேசு: 3ஆம் பின் எக்ஸ் (இடம்-வலம்), 6 வை (மேல்-கீழ்), 2உம் 7உம் பட்டன்.

கரைச்சல் குடுத்தது எக்ஸும் வையும்தான். உள்ளுக்க 100 கிலோ ஓம் பொட் (முறுக்கினாத் தடை மாறுற பாகம்), ஆனா வெளிய வாறது இரண்டு வயர்தான்; மூண்டு இருந்தாத்தான் நேரா வோல்ற்றேஜ் அளக்கலாம். 1981இல ஐபிஎம் போட்ட முறை அது: கப்பாசிற்றர் நிறைய எடுக்கிற நேரத்தை வைச்சுத்தான் கொம்பியூட்டர் தடையை அறியும். நான் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்ரர் போட்டு வோல்ற்றேஜை அளந்தன். அது நேர்கோட்டில ஏறாது. கேமில கையை விட்டாலும் கார் இடப்பக்கம் இழுத்து மதிலில முட்டும். திரும்பத் தடையாக மாத்திக் கணக்குப்போட்ட பிறகுதான் நேராப் போச்சுது.

மிஞ்சின நடுக்கம் பொட்டில பிடிச்ச அழுக்கு. ரவுணில றேடியோ திருத்திற ஐயா பார்த்திட்டு, "இது வொலியூம் கொன்ட்ரோல்தானே தம்பி" எண்டு அழுக்கு எடுக்கிற ஸ்பிறே அடிச்சு, பத்துத்தரம் முறுக்கித் தந்தார். காசு வாங்கேல்ல.

பிளேஸ்டேஷன் 5இலயும் இது ஓடுமோ எண்டு கேட்ட தம்பி, அது கொன்ட்ரோலரிட்ட அடையாளச் சாவி கேக்கும். இந்தப் போர்ட்டால ஏலாது.