எடைக் குறைப்பு ஊசி ஆய்வில் நான் சந்தித்தவர்கள்

உடல் பருமனுக்கான வார ஊசி ஒன்றின் மருத்துவ ஆய்வில் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது, ஒப்புதல் படிவத்தை விளக்கிச் சொல்வது என் பொறுப்பாக இருந்தது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு, "எனக்கு மருந்துதான் வருகிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல முடியாதாம்மா?" என்று கேட்டார். மருந்துள்ள பேனா ஊசியும் மருந்தில்லாததும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், யாருக்கு எது போகிறது என்பது எனக்கோ மருத்துவருக்கோ தெரியாது என்றேன். சற்று யோசித்தவர், "சரி, சாப்பிட்டதை ஒளிக்காமல் எழுதித் தருகிறேன்" என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

சொன்னபடியே எழுதினார். திருமண விருந்தில் இரண்டாம் முறை வாங்கிய பாயசம்கூட அவருடைய குறிப்பேட்டில் இருந்தது. ஒவ்வொரு வருகையிலும் வெறும் வயிற்றோடு, செருப்பைக் கழற்றிவிட்டு எடை இயந்திரத்தில் ஏறுவார். முள் பெரிதாக அசைந்ததில்லை. ஆயினும் அவர் விலகவில்லை.

செமாகுளுடைடு என்ற எடைக் குறைப்பு வார ஊசியின் ‘ஸ்டெப் 1’ ஆய்வு 2021-இல் வெளியானபோது இவரைப் போன்றவர்களையே நினைத்துக்கொண்டேன். 1,961 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், 68 வாரங்களில் மருந்து பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதமும், மருந்துப்போலி, அதாவது மருந்தில்லாத ஊசி, பெற்றவர்களின் எடை 2.4 சதவீதமும் குறைந்தன. உணவு, உடற்பயிற்சி ஆலோசனை இரு பிரிவினருக்கும் ஒன்றே. பலன் கிடைக்காமலேயே கடைசிவரை வந்து போனவர்கள் இல்லாவிட்டால், முதல் எண்ணில் மருந்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

இன்னொருவர் ஓட்டுநர். தொடக்க மாதங்களின் குமட்டலைத் தாங்கிக்கொண்டு நன்றாக இளைத்தவர், ஆய்வு முடிந்து ஊசி நின்ற பிறகு எடை திரும்பியதும் எங்களைப் பார்க்கவே கூசினார். "வாயைக் கட்ட முடியவில்லை மேடம்" என்று தலைகுனிந்து சொன்னது என்னை மிகவும் வருத்தியது, ஏனெனில் குறை அவருடையதன்று. இம்மருந்துகள் பசியை அடக்கும் குடல் ஹார்மோனைப் போலச் செயல்படுபவை. ஊசி நின்றால் பசியும் திரும்பிவிடும். ஸ்டெப் 1 நீட்டிப்பு ஆய்விலும், மருந்தையும் ஆலோசனையையும் நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு சராசரியாகத் திரும்பியிருந்தது.

ஆகவே, இத்தகைய ஆய்வில் சேர எண்ணுவோர், ஆய்வு முடிந்த பின் மருந்து கிடைக்குமா, யார் தொடர்ந்து கவனிப்பார்கள் என்பதைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள். காரணம் சொல்லாமலேயே எந்த நேரத்திலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆய்வால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சை அளிக்கப்பட வேண்டும் என்பது இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு மருத்துவ ஆய்வு விதிகளிலேயே இருக்கிறது.