நாளைக் காலை ஸ்கிப் லாரி வருகிறது, பெர்மிட் இல்லையாம். யாராவது சொல்லுங்கள்

அம்மாபேட்டை கவி, மாலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இங்கிலாந்துக்குப் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆடிப் பண்டிகைக்கு நான் குழந்தையோடு சேலம் வந்துவிட்டேன், அவர் மட்டும் அங்கே இருக்கிறார். வீட்டுக் குப்பையை அள்ள 6 யார்டு ஸ்கிப் (லாரியில் கொண்டுவந்து இறக்கி, நிரம்பியதும் எடுத்துப் போகிற இரும்புத் தொட்டி) ஒன்று சொல்லி, 280 பவுண்டு கட்டியும் ஆகிவிட்டது. நாளைக் காலை ஏழரைக்கு லாரி. இப்போது போய் ஸ்கிப் ஆபீஸிலிருந்து மெசேஜ்: "பெர்மிட் இருக்கிறதா?" இதை யாரிடம் வாங்க வேண்டும்? இல்லாமல் இறக்கினால் ஃபைன் வருமா? விசாவுக்கு ஏதாவது சிக்கல் ஆகுமா? அவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார், போனை எடுக்கவில்லை. இங்கே தெருவெல்லாம் மைக் செட், யாரையும் கூப்பிட்டுப் பேசவும் முடியவில்லை. 6 யார்டு போதுமா என்பதும் தெரியவில்லை. தயவுசெய்து சொல்லுங்கள்.

லெஸ்டர் லோகு, 6.52

6 எல்லாம் பத்தாதும்மா. முதலில் சின்னதாக எடுத்துவிட்டு அப்புறம் இரண்டாவது ஸ்கிப்புக்குக் காசு கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. நேராக 12 எடுத்துவிடு. விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. நான் சமையல்கட்டை இடித்தபோது அலமாரி, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து மலை மாதிரி குவிந்துவிட்டது.

ஓமலூர் நர்ஸ், 6.58

கவி, பயப்படாதே. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தை நினைத்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. நவம்பர் மாதம், நாலு மணிக்கே இருட்டு. எந்தக் கலர் குப்பைத்தொட்டியை எந்த வாரம் வைக்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. பச்சைத் தொட்டியில் சாப்பாட்டு மிச்சத்தைப் போட்டோம் என்று எடுக்காமலே போய்விட்டார்கள். அதில் ஒரு ஸ்டிக்கர் வேறு ஒட்டி வைத்தார்கள், தெருவே பார்க்கிற மாதிரி. வாடகைக்கு வீடு கேட்டபோது கியாரண்டி போட ஆள் எங்கே என்றார்கள், இல்லாவிட்டால் ஆறு மாத வாடகையை மொத்தமாக எடுத்து வை என்றார்கள். பேங்க் அக்கவுண்ட் தொடங்க அட்ரஸ் ப்ரூஃப் வேண்டும், அட்ரஸ் கிடைக்கப் பேங்க் ஸ்டேட்மெண்ட் வேண்டும். அழுதுகொண்டே டூட்டிக்குப் போயிருக்கிறேன். எல்லாம் சரியாகிவிடும்.

சூரமங்கலம் பாபு, 7.05

ஸ்கிப்பே வேண்டாம், கேன்சல் பண்ணுங்கள். ஃபேஸ்புக்கில் வேன் வைத்திருப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். கையில் எண்பது, நூறு பவுண்டு கொடுத்தால் அரை மணி நேரத்தில் வீடு சுத்தம். பெர்மிட் கிடையாது, ஒன்றும் கிடையாது.

ஓமலூர் நர்ஸ், 7.09

பாபு, அந்த ஆள் அதைக் கொண்டுபோய் எந்த வயல்வெளியில் கொட்டினான் என்று உனக்குத் தெரியுமா? எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்யும் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. குப்பைக்குள் அவர் பெயர் போட்ட கரெண்ட் பில் கிடந்ததாம், வீட்டுக்கே லெட்டர் வந்துவிட்டது.

சூரமங்கலம் பாபு, 7.11

நான் மூன்று வீடு மாறிவிட்டேன், எனக்கு எந்த லெட்டரும் வந்ததில்லை.

ஏற்காடு மிளகு, 7.20

இதையெல்லாம் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. இரும்புத் தொட்டி வாசலுக்கே வருகிறது, நிரப்பினால் வந்து எடுத்துப் போகிறார்கள். ஏற்காட்டில் தாத்தா காலத்து வீட்டின் ஒரு பக்கத்தை இடித்துக் கட்டுகிறேன். கல்லும் காரையும் சிமெண்ட் சாக்குகளில் நிரப்பி, ஜீப் போகிற இடம் வரை ஆள் சுமந்து, அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு வர வேண்டும். பக்கத்து ஓடையில் தள்ளிவிடலாம் என்று மேஸ்திரியே யோசனை சொல்கிறார். அடுத்த மழைக்கு அது அப்படியே கீழ்வீட்டுக்காரர் காப்பிச் செடி மேல் போய் உட்காரும். கீழே சமவெளியில் என்றால் பள்ளமான மனை வைத்திருப்பவர்களே டிராக்டர் அனுப்பி வாங்கிக்கொள்கிறார்கள். மலையில் யாரிடம் கொடுப்பது?

தாதகாப்பட்டி தினேஷ், 7.24

அண்ணா, அக்கா எல்லோரும் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். இப்போது அங்கே வேலை நிலவரம் எப்படி? நான் ஜனவரியில் வரலாம் என்று இருக்கிறேன்.

லெஸ்டர் லோகு, 7.26

வராதே தம்பி. கவுன்சில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) டேக்ஸ் ஏறிக்கொண்டே போகிறது, குப்பை மட்டும் பல ஊரில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கிறார்கள். ஜிபி (குடும்ப டாக்டர்) அப்பாயிண்ட்மெண்ட்டுக்குக் காலை எட்டு மணிக்குப் போனோடு தவம் கிடக்க வேண்டும்.

ஓமலூர் நர்ஸ், 7.29

வா தம்பி, எல்லாம் சமாளிக்கலாம். குளிருக்கு ஜாக்கெட் மட்டும் சேலத்தில் வாங்காதே.

கன்னங்குறிச்சி சார், 7.41

அம்மா கவி, நான் பர்மிங்ஹாம் பக்கம் ஒரு ஸ்கிப் கம்பெனியில் லாரிகளை அனுப்பும் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன். இப்போது மூக்கனேரிக் கரையில் நடந்துகொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டைப் பற்றி ஒரு விவரமும் இல்லாமலே எல்லோரும் அளவு சொல்லிவிட்டார்கள். நாலே கேள்வி: எந்த ஊர்? சொந்த வீடா, வாடகையா? ஸ்கிப்பை வீட்டு இடத்துக்குள் வைக்க முடியுமா, இல்லை ரோட்டில்தானா? உள்ளே போடப்போவது என்னென்ன? கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு பொருளாகச் சொல்லுங்கள். அங்கே இப்போது மணி மூன்றே கால். பெரும்பாலான ஆபீஸ் ஐந்துக்கு மூடிவிடும், அதாவது நமக்கு ஒன்பதரை. அதற்குள் முடிக்கலாம்.

அம்மாபேட்டை கவி, 7.50

சார், ரொம்ப நன்றி. கவென்ட்ரி. வாடகை வீடு. கதவைத் திறந்தால் நேராக நடைபாதைதான், கார் நிறுத்த இடம் கிடையாது, ஆக ரோட்டில்தான் வைக்க வேண்டும். பின்பக்கம் ஒரு பழைய செங்கல் ஷெட் இருக்கிறது. அதை இடித்துச் சுத்தம் செய்து கொடுத்தால் பாதி மாத வாடகையைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஹவுஸ் ஓனர் சொன்னார். அதற்குத்தான் ஸ்கிப். முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன சோபா, மெத்தை, ஓடாத ஃபிரிட்ஜ், கார்ப்பெட், கொஞ்சம் மண், செங்கல். அப்புறம் ஷெட் கூரை ஷீட். நம்ம ஊரில் மாட்டுக் கொட்டகைக்குப் போடுவோமே, சாம்பல் கலரில் அலை அலையாக, அதே மாதிரி. அவர் போன ஞாயிறு இரண்டு ஷீட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். ஒன்று ஓரத்தில் உடைந்துவிட்டதாம்.

கன்னங்குறிச்சி சார், 8.02

பெர்மிட்டை விடுங்கள். முதலில் அந்த ஷீட். அவரை எழுப்பி, இனி அதைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். நம்ம ஊர்க் கடைகளில் இன்றைக்கும் கிடைப்பதால் நமக்கு அது சாதாரணப் பொருள். பிரிட்டனில் 1999-ல் முழுவதும் தடை செய்துவிட்டார்கள். 2000-க்கு முன் கட்டிய எதிலும் அது இருக்கலாம் என்று நினைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பின்னாளில் வந்த ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்டும் பார்க்க அப்படியேதான் இருக்கும். சின்னத் துண்டை லேபுக்கு அனுப்பினால் தெரிந்துவிடும், அது பெரிய செலவில்லை. ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் உங்கள் ஹவுஸ் ஓனர்.

சிமெண்டோடு கலந்த ஷீட் முழுசாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளை போடும்போதும் பறக்கிற தூசிதான் விஷம். அதன் பாதிப்பு தெரிவதற்கே பல வருஷம் ஆகும். உடைந்த ஓரத்தில் தண்ணீரை லேசாகத் தெளித்து, தடித்த பாலிதீன் போட்டு மூடச் சொல்லுங்கள். கீழே சிதறியதை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது, வாக்குவம் கிளீனரும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிவிட வேண்டும். ஒரு நாள் தொட்டதற்குப் பதறாதீர்கள், மேற்கொண்டு உடைக்காமல் இருந்தால் போதும்.

இதைச் சாதாரண ஸ்கிப்பில் போட்டால் மொத்த லோடும் அபாயக் கழிவாகிவிடும். கம்பெனி திருப்பிவிடும், இல்லாவிட்டால் பிரிக்கிற செலவை உங்கள் தலையில் கட்டும்.

சூரமங்கலம் பாபு, 8.06

எங்கள் வீட்டில் அந்தக் கூரைக்குக் கீழேதான் பிறந்து வளர்ந்தோம், யாருக்கு என்ன ஆனது?

கன்னங்குறிச்சி சார், 8.15

கூரைக்குக் கீழே வாழ்வது வேறு, சுத்தியல் எடுத்து உடைப்பது வேறு, தம்பி.

வேன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குப்பை யாரிடம் போகிறது என்று பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு வீட்டில் இருப்பவருக்கும் உண்டு, 1990 சட்டம் அது. பதிவில்லாத ஆளிடம் கொடுத்து அது எங்காவது கொட்டப்பட்டால், இங்கிலாந்தில் அந்த வீட்டில் குடியிருப்பவருக்கே 600 பவுண்டு வரை அபராதம் போடலாம். வேன்காரர் தப்பில்லை, பதிவு எண்ணைக் கேளுங்கள். சி.பி.டி.யு. (CBDU) என்று தொடங்கும். சுற்றுச்சூழல் ஏஜென்சியின் இணையப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு, ரசீதும் வாங்கிக்கொண்டு கொடுங்கள். கையில் காசு மட்டும் கேட்டு எண் சொல்லத் தயங்கினால் வேண்டாம்.

இப்போது கேட்ட கேள்வி. ரோட்டில் வைத்தால் கவுன்சில் அனுமதி வேண்டும். அதை வாங்குவது சாதாரணமாக ஸ்கிப் கம்பெனிதான், கட்டணத்தை உங்கள் பில்லில் சேர்ப்பார்கள். 1980 நெடுஞ்சாலைச் சட்டமும் முதலில் ஸ்கிப்பின் சொந்தக்காரரைத்தான் கேட்கும். ராத்திரி விளக்கு, மினுக்கும் பட்டை எல்லாம் அவர்கள் வேலை. உங்கள் விசாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆன்லைனில் பதிவு செய்தபோது "வீட்டு இடத்துக்குள்" என்று டிக் ஆகியிருக்கும், பிறகு முகவரியைப் பார்த்துச் சந்தேகம் வந்து கேட்டிருப்பார்கள். அனுமதி கிடைக்கச் சில வேலைநாள் பிடிக்கும், நாளைக்குள் வராது. ஐந்து மணிக்குள் கூப்பிட்டுத் தேதியைத் தள்ளச் சொல்லுங்கள். விட்டுவிட்டால் காலையில் லாரி வந்து திரும்பும், அந்த நடைக்குக் காசு பிடிப்பார்கள்.

லெஸ்டர் லோகு, 8.19

சரி சார், அளவு? 12 என்றுதான் நான் இன்னும் சொல்வேன்.

கன்னங்குறிச்சி சார், 8.34

லோகு, உங்களுடையது சமையல்கட்டு அலமாரி, எடை கம்மி. இவர்களிடம் செங்கலும் மண்ணும். ஸ்கிப் கணக்கில் ஒரு யார்டு என்பது ஒரு கன யார்டு, அதாவது 27 கன அடி. நம்ம மேஸ்திரி கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட். அப்படியானால் 6 யார்டு ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், 8 யார்டு இரண்டு யூனிட்டுக்கு மேல். 8 நிறைய ஈரமண் போட்டால் எட்டு டன்னைத் தாண்டிவிடும், லாரியின் சங்கிலியே தூக்காது. அதனால் கனமான குப்பைக்கு 8-க்கு மேல் யாரும் தரமாட்டார்கள். 10, 12 எல்லாம் பெட்டி, மரம் மாதிரி இடத்தை அடைக்கிற சாமானுக்கு. அதிலும் விளிம்புக்கு மேல் ஒரு செங்கல் தெரிந்தாலும் டிரைவர் எடுக்காமல் போகலாம். பலகையைச் சுற்றி நட்டு உயரத்தைக் கூட்டுகிற வேலையும் செல்லாது.

இன்னொன்று, கவியின் பட்டியலில் பாதி ஸ்கிப்பில் போகவே போகாது. ஃபிரிட்ஜ் கூடாது, உள்ளே வாயு இருக்கிறது. சோபாவில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ரசாயனம் இருக்கலாம் என்று 2023-லிருந்து தனியாக எரிக்கச் சொல்கிறார்கள், ஆகவே மறுப்பார்கள் அல்லது கூடுதல் காசு கேட்பார்கள். மெத்தைக்கும் பெரும்பாலும் தனிக் காசு. பெயிண்ட், பேட்டரி, டயர், டியூப்லைட், கேஸ் சிலிண்டர் கூடாது. உள்சுவரில் ஒட்டும் ஜிப்சம் பலகையைத் தனியே வைக்க வேண்டும். மற்றக் குப்பையோடு புதைந்தால் நாற்றமடிக்கிற வாயுவாக மாறும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், புதைக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் வரி. 1996-ல் 7 பவுண்டில் தொடங்கியது, 2025 ஏப்ரலில் 126 பவுண்டைத் தாண்டியது. சுத்தமான மண், செங்கலுக்கு மட்டும் அப்போது டன்னுக்கு 4 பவுண்டு சொச்சமாக இருந்தது. அதனால் செங்கலும் மண்ணும் மட்டும் போடுகிற ஸ்கிப் மலிவாகக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். ஒரு கார்ப்பெட் துண்டு கலந்தாலும் அந்த விலை கிடையாது.

ஏற்காடு மிளகு, 8.40

இந்த மாதிரி வரி நம்ம ஊரில் போட்டால் எல்லாம் ஓடைக்குத்தான் போகும் சார்.

கன்னங்குறிச்சி சார், 8.44

அங்கேயும் போகிறதே, இல்லாவிட்டால் 600 பவுண்டு எதற்கு? உங்கள் கல்லை இறக்காதீர்கள். மழைக்குச் சரியாத தடுப்புச் சுவருக்கு அதே கல்தான் வேண்டும்.

கவி, கடைசியாக ஒன்று. ஷெட், சோபா, ஃபிரிட்ஜ் எதுவுமே உங்களுடையது இல்லை. வாடகைக் கழிவு வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. "கூரை ஷீட்டை நாங்கள் தொடமாட்டோம், பரிசோதித்து அகற்ற ஏற்பாடு செய்யுங்கள், பாதி மாத வாடகை கழிவு என்று சொன்னதை உறுதி செய்யுங்கள்" என்று இன்றைக்கே ஈமெயில் போடச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை கவி, 9.22

சார், எழுந்துவிட்டார். ஸ்கிப் ஆபீஸில் பேசியாகிவிட்டது. தேதியைத் தள்ளிவிட்டார்கள், காசு பிடிக்கவில்லை. 4 யார்டாகக் குறைத்து, செங்கலும் மண்ணும் மட்டும் என்று மாற்றியிருக்கிறோம். பெர்மிட்டுக்கு அவர்களே போடுகிறார்கள், வந்தால் அடுத்த புதன் இறக்குவார்கள். ஷீட்டுக்கு ஆள் அனுப்புகிறேன் என்று ஓனர் பதில் போட்டுவிட்டார், வாடகை பற்றி மட்டும் மௌனம். கார்ப்பெட்டை என்ன செய்வது?

ஓமலூர் நர்ஸ், 9.26

சுருட்டிக் காரில் போட்டுக் கவுன்சில் குப்பை மையத்துக்குக் கொண்டுபோகலாம், முதலில் ஆன்லைனில் நேரம் பதிய வேண்டுமா என்று பார்த்துக்கொள். அட்ரஸ் ப்ரூஃப் எடுத்துப் போகச் சொல். சோபா, மெத்தை, ஃபிரிட்ஜுக்குக் கவுன்சிலிலேயே காசு கட்டினால் வீட்டுக்கு வந்து எடுப்பார்கள்.

கன்னங்குறிச்சி சார், 9.31

சரியாகச் சொன்னீர்கள். அந்தக் காசை ஓனரிடம் கேளுங்கள். வாடகைக்கு எழுத்தில் பதில் வரும்வரை சுவரில் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம். தேவைப்பட்டால் புதனையும் தள்ளலாம், ஆனால் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். ஸ்கிப் வந்தால் ராத்திரியில் தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காலையில் யாருடைய மெத்தையோ அதில் கிடக்கும். நிரம்பிய அன்றைக்கே போன் செய்து எடுக்கச் சொல்லலாம், ஸ்கிப் வாடகை நாள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.