பொருள்: 'வாட்டர் பார்' தமிழில் என்ன? (வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது)

மொழிபெயர்ப்பாளர், மார்த்தாண்டம்:

வணக்கம். ரப்பர் தோட்டங்களுக்கான பாதைப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ரோட்டிலிருந்து மேட்டில் இருக்கும் ஷெட் வரை 400 மீட்டர் சரள்பாதை. மழை வந்தால் சரள் எல்லாம் கீழே ஏலாவுக்கு (பள்ளத்து வயலுக்கு) போய்விடுகிறது. இதுதான் நூலின் களம். அரிப்பு, ஓடை, மதகு எல்லாம் தடங்கலின்றி வந்துவிட்டன. 'வாட்டர் பார்' மட்டும் நிற்கிறது. மொழிபெயர்ப்பு மென்பொருள் 'தண்ணீர்ப் பட்டை' என்கிறது. ஒலிபெயர்த்து 'பார்' என்று போட்டால் தொழிலாளிக்கு வேறு கடைதான் நினைவுக்கு வரும். 'நீர்வரப்பு' போடலாமா?

ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர், நாகர்கோவில்:

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம், தம்பி. சரிவான பாதையில் தண்ணீர் சக்கரத்தடத்தைப் பிடித்துக்கொண்டு நெடுக ஓடும். ஓட ஓட வேகமும் அளவும் கூடும், சரளைப் பெயர்த்துக்கொண்டு போகும். அதை இடையிடையே மறித்து ஓரத்துக்குத் தள்ளிவிடுகிற குறுக்கு மேடுதான் இது. பாதைக்கு நேர்க்குறுக்காகப் போடக் கூடாது, 30 பாகை சாய்க்க வேண்டும். மேற்புறம் 15 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, அந்த மண்ணைக் கீழ்ப்புறம் 15 முதல் 20 செ.மீ. மேடாகக் கூட்டி, 10 செ.மீ. அடுக்காகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட (இடித்து இறுக்க) வேண்டும். வண்டி ஏற வேண்டுமென்றால் பள்ளமும் மேடுமாக இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குப் பரப்பிவிட வேண்டும். மேல்முனை கையாலையோடு (பாதையோர மண்சுவரோடு) ஒட்டி முடிய வேண்டும்; இல்லாவிட்டால் தண்ணீர் முனையைச் சுற்றிக்கொண்டு பழையபடி பாதைக்கே வரும். கீழ்முனையில் கை கொள்ளாத கருங்கல்லைப் பரப்பி வைக்க வேண்டும், இல்லையேல் விழும் இடம் குழியாகும்.

இடைவெளி சரிவைப் பொறுத்தது. நூற்றுக்கு 2 என்றால் 75 மீட்டருக்கு ஒன்று, 5 என்றால் 40 மீட்டர், 10 என்றால் 25 மீட்டர், 15 என்றால் 18 மீட்டர். உங்கள் 400 மீட்டரும் பத்துச் சதவீதச் சரிவானால் 15 வேண்டியிருக்கும்.

'நீர்வரப்பு' எனக்கு உடன்பாடில்லை. வரப்பு தண்ணீரைத் தேக்குவதற்கு. 'வரப்புயர நீர் உயரும்' என்று படித்தவர்கள்தானே நாம்? இங்கே நீர் உயர்ந்தால் பாதை போயிற்று.

தமிழ்ப் பேராசிரியர், தக்கலை:

அண்ணாச்சி சொல்வது நியாயம். நம் பக்கம் 'மறுகால்' இருக்கிறதே, அதிலிருந்தே தொடங்குவோம். குளம் நிறைந்தால் மறுகால் பாய்கிறது. 'மறு' என்பது மற்றொன்று, 'கால்' வாய்க்கால். மறி என்னும் வினையடியிலிருந்து 'மறிகால்' என்று தொடங்கி மறுகால் ஆயிற்று என்றும் கொள்ள இடமுண்டு. மறிதல் திரும்புதல், மறித்தல் திருப்புதல், தடுத்தல். 'மறிதிரை' என்பதில் அலை திரும்பிப் புரள்வதையும் நோக்குக. புறநானூறு 18இல் 'தட்டோர்' வருவது 'தள்' என்னும் வினையிலிருந்து. அங்கே நீரைத் தளைத்தல், அதாவது கட்டித் தேக்குதல், பொருள். தளைத்தல் வேறு, மறித்தல் வேறு. ஆகவே 'மறிமேடு' என் பரிந்துரை. மறி என்பதற்கு ஆட்டுக்குட்டி என்றும் பொருளுண்டு, அது வேறு வேர்.

தோட்ட மேற்பார்வையாளர், குலசேகரம்:

ஐயா, 'மறிமேடு' என்று நோட்டீஸ் ஒட்டினால் ஆட்டுக்குட்டி ஏறுகிற மேடு என்றுதான் நினைப்பார்கள். இங்கே ஆட்கள் இதை 'ஹம்ப்' என்கிறார்கள். அதனாலேயே ரோட்டில் பார்த்த வேகத்தடை மாதிரி நேர்க்குறுக்காகப் போட்டுவிடுகிறார்கள். பள்ளத்தில் சேறு தங்குகிறது, அடுத்த மழைக்குச் சக்கரத்தடம் வழியாக மேடு உடைகிறது. அதனால் சாய்வு சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 'சாய்வரப்பு' எப்படி?

இன்னொன்று. தினமும் ஜீப் ஏறும் இடத்தில் மண்மேடு நிற்காது. பழைய கன்வேயர் பெல்ட்டை ஓரடி அகலத்தில் கீறி, இரண்டு பலகைக்கு நடுவே நிறுத்தி ஆணியடித்து, பலகை தரைமட்டத்தோடு இருக்கும்படி புதைத்து, பெல்ட் மட்டும் மூன்று நான்கு அங்குலம் வெளியே நிற்கும்படி விடலாம். சக்கரம் ஏறினால் மடங்கும், போனால் நிமிரும். பலகை அயனியாக இருக்கட்டும். மருந்தடிக்காத ரப்பர் தடியைக் கறையான் விடாது. இதற்கும் சேர்த்து ஒரே பெயரா?

தனித்தமிழ் அன்பர், குழித்துறை:

> சரள்பாதை, ரப்பர், ஹம்ப், ஜீப்

இந்த இழையில் தமிழைத் தேட வேண்டியிருக்கிறது. 'சரள்' எதற்கு? 'பரல்' என்ற நற்றமிழ்ச் சொல் சிலம்பிலேயே இருக்கிறதே. 'பரற்பாதை' என்போம். வாட்டர் பாருக்கு 'மடைமாற்றி'. எளிது, தூயது.

பொறியாளர், நாகர்கோவில்:

பரல் சிலம்புக்குள் உருள வேண்டும். பாதையில் உருளக் கூடாது. ஆற்றுக் கூழாங்கல்லைக் கொட்டியவர்கள் எல்லாம் ஒரே மழையில் அதை ஓரத்தில் பொறுக்கியிருக்கிறார்கள். வேண்டியது உடைத்த, முனையுள்ள கல். அதோடு நூற்றுக்கு எட்டு முதல் பதினைந்து பங்கு நுண்பொடி இருந்தால்தான் பிடிக்கும். கழுவின 20 மி.மீ. ஜல்லி பிடிக்காது. செம்மண் மிஞ்சினால் சேறு. இதெல்லாம் 'சரள்' என்ற சொல்லில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, ஆனால் லாரிக்காரருக்குப் புரிகிறது. 'பரல் 28 யூனிட்' என்று போன் செய்து பாருங்கள்.

28 என்றது கணக்கோடுதான். 400 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இறுகிய பின் 5 செ.மீ. கனம்: 60 கன மீட்டர். இறுகும்போது குறையும், அதனால் முப்பது சதவீதம் கூட்டினால் 78. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அடித்துப் போன இடத்தில் நேராகக் கொட்டாதீர்கள். குழியின் அடி ஆழம் வரை பழைய சரளைக் கிளறி, புதியதைக் கலந்து, நடு உயர்த்தி இறுக்குங்கள். 3 மீட்டர் பாதைக்கு நடுவில் 6 செ.மீ. உயரம் வேண்டும். அதை நாங்கள் 'ஆமைமுதுகு' என்போம், அதற்கும் யாராவது வேர் தேடிவிடாதீர்கள்.

'மடைமாற்றி' இப்போது நிதிக்குத்தான் பயன்படுகிறது. கையேட்டில் '15 மடைமாற்றிகள்' என்றிருந்தால் தணிக்கைக்காரர் வந்துவிடுவார்.

தனித்தமிழ் அன்பர், குழித்துறை:

சொல்லைக் கெடுத்தவர்களுக்காகச் சொல்லையே விட்டுவிடுவதா? நாளை 'ஊற்று' என்றாலும் வேறு பொருள் சொல்வார்கள்.

பேராசிரியர், தக்கலை:

'சாய்வரப்பு' வினைத்தொகை. சாய்ந்த வரப்பு, சாய்கின்ற வரப்பு, சாயும் வரப்பு என மூன்று காலமும் கொள்ளும். இடிந்து சாயும் என்ற பொருளும் தட்டும். 'சாய்மேடு' சற்று மேல். வரப்பு தேக்கும் என்று அண்ணாச்சி சொன்ன குறையும் அதில் இல்லை.

பொறியாளர், நாகர்கோவில்:

திமிசு போடாமல் விட்டால் மூன்று காலமும் பொருந்தும்.

மேற்பார்வையாளர், குலசேகரம்:

'மேடு' என்றால் மேட்டை மட்டும் கட்டிவிட்டுப் பள்ளத்தை விட்டுவிடுவார்கள் ஐயா. பாதி வேலை செய்வது மேற்புறப் பள்ளம்தான். வரப்பு என்றால் பக்கத்தில் வாய்க்காலும் உண்டு என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

மொழிபெயர்ப்பாளர், மார்த்தாண்டம்:

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சு. தனிமடல்களையும் சேர்த்து எண்ணினேன்: சாய்வரப்பு 5, சாய்மேடு 2, மடைமாற்றி 1 (அவரே). முதல் இடத்தில் 'சாய்வரப்பு (வாட்டர் பார்)', பிறகு 'சாய்வரப்பு' மட்டும். பெல்ட் வைத்ததற்கு 'பெல்ட் சாய்வரப்பு'. நேர்க்குறுக்காகப் போடாதே என்று படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் சேர்க்கிறேன்.

அடுத்தது கல்வெர்ட், அதாவது பாதைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் வழி. கையேட்டில் 12 அங்குலக் குழாய் என்றிருக்கிறது. 'மதகு' போட்டிருக்கிறேன்.

பொறியாளர், நாகர்கோவில்:

12 போதாது, 18 என்று திருத்துங்கள். மாசிக்குள் ரப்பர் இலை முழுக்க உதிர்ந்து, எடவப்பாதிக்குள் (தென்மேற்குப் பருவமழைத் தொடக்கத்துக்குள்) குழாய் வாயில் அடை கட்டியிருக்கும். குழாய்க்கு மேலே ஓரடி மண் மூடியிருக்க வேண்டும். வைகாசி தொடக்கத்தில் வாயைத் தோண்டிவிட வேண்டும். மதகு என்பது திறந்து மூடுவது. இதற்கு அது பொருந்தாது.

பேராசிரியர், தக்கலை:

'தூம்பு' என்ற சொல்லை யாரும் எண்ணிப் பார்க்கவில்லையே. உள்துளை உடையது தூம்பு...

தனித்தமிழ் அன்பர், குழித்துறை:

அச்சான பிறகும் என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும். மடைமாற்றிதான் சரி. தூம்புக்கு என் ஆதரவு உண்டு.