பழைய பெட்ரோல் என்ஜின்: ரிங்கா, வால்வா?

கேள்வி: நான்கு சிலிண்டர். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) 160, 155, 95, 158 பிஎஸ்ஐ; மூன்றாவது மட்டும் குறைவு. என்ஜினைப் பிரிக்காமலே காரணம் தெரியுமா?

பதில் 1: அளவு எடுத்த முறை சரிதானா? என்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லா பிளக்கும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, திராட்டிலை முழுக்கத் திறந்து என்ஜினைச் சுற்றணும். பிறகு மூன்றாவதில் 5 மில்லி ஆயில் விட்டு மறுபடி பாருங்க. அளவு நன்றாக ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்மானம். அசையாவிட்டால் பெரும்பாலும் வால்வு.

பதில் 2: லீக்டவுன் சோதனைதான் (சிலிண்டருக்குள் காற்று ஏற்றிக் கசிவைப் பார்ப்பது) கசியும் இடத்தைக் காட்டும். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல் எல்லையில் நிறுத்தி, கிராங்கைப் பூட்டிவிட்டுக் காற்று ஏற்றுங்க (பூட்டாவிட்டால் சுற்றிவிடும், கை பத்திரம்!). சைலன்சரில் சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக், ஆயில் மூடியில் என்றால் ரிங், கூலன்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள சீல்).

பதில் 3: அதற்கு முன் டாப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி) பாருங்க. இறுகியிருந்தால் வால்வு முழுசா மூடாது.